காகிதச் சக்கரம் மலேரியாவைக் கண்டுபிடிக்காது

'இந்திய விஞ்ஞானி மனு பிரகாஷின் காகிதச் சக்கரத்தைச் சுற்றினால் மலேரியா இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. காய்ச்சல் நேரத்தில் யாராவது இதை நம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

கருவி உண்மைதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் குழு உருவாக்கி 2017-இல் வெளியிட்ட பேப்பர்ஃபியூஜ்தான் அது. சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து 'விர்ர்' என்று இழுத்து விளையாடுவோமே, அதே தத்துவம். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகும், கரண்ட் வேண்டாம், செலவு 20 சென்ட். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை மெல்லிய குழாயில் அடைத்து ஒன்றரை நிமிடம் சுற்றினால் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறத் திரவம், தனியாகப் பிரியும்.

அவ்வளவுதான் அதன் வேலை. மலேரியாக் கிருமியைப் பார்க்க, சாயம் சேர்த்து இன்னும் அதிக நேரம் சுற்றி, அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பழகிய கண் பார்க்க வேண்டும்.

மனு பிரகாஷ் திடீரென்று பொம்மை செய்தவரும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோதே, 2007-இல், நுண்குழாய்களில் ஓடும் குமிழிகளை வைத்துக் கணினி போலத் தர்க்கச் செயல்களை ('ஆம்', 'இல்லை' என்று முடிவெடுக்கும் கணக்குகளை) செய்து காட்டினார். அந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட அந்தச் செய்தியில் இல்லாததுதான் எனக்கு வருத்தம்.

காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுங்கள்.