கலப்பைக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டாம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் என்று ஓர் இடம் இருக்கிறது. 1946இல் திறந்தார்கள். 1790களிலிருந்து 1830கள் வரை நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதியின் கிராமம் எப்படி இருந்ததோ அப்படிக் காட்டுவதுதான் ஏற்பாடு. பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். கொல்லன் பட்டறை, மாவரைக்கும் ஆலை எல்லாம் வந்தன. 1970களில் பண்ணைக்கு அந்தக் காலத்து மாடும் ஆடும் தேடியபோதுதான் சிக்கல். இருநூறு வருடத்துக் கதவும் தாழ்ப்பாளும் கிடைத்த நாட்டில் மாடு கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. அதிகம் கறக்கும், சீக்கிரம் எடை போடும் சில இனங்களுக்கே எல்லோரும் மாறிவிட்டதில் பழைய இனங்கள் ஒவ்வொன்றாக அருகிப் போயிருந்தன. அந்தத் தேடலில் எழுந்த கவலையிலிருந்துதான் 1977இல் அருகிவரும் கால்நடை இனங்களைக் காக்க அங்கே ஓர் அமைப்பு உருவானது. பிரிட்டனில் அதற்கு நான்கு வருடம் முன்பே, 1973இல், இதே வேலைக்கு ஓர் அறக்கட்டளை தொடங்கிவிட்டது. அதன் கணக்குப்படி 1900இலிருந்து 1973க்குள் பிரிட்டனின் 26 சொந்த இனங்கள் அழிந்திருந்தன.

இப்படிப் பழைய காலத்து விவசாயத்தை நிஜமாகவே செய்து காட்டுகிற இடங்களுக்கு வாழும் வரலாற்றுப் பண்ணை என்று பெயர். அந்தப் பேச்செடுத்தாலே "சும்மா பழசை நினைத்து ஏங்குகிறவர்களுக்குப் பொழுதுபோக்கு" என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த மாட்டுக் கதையைத்தான். கட்டடத்தைப் பூட்டிவைத்து ஐம்பது வருடம் கழித்துத் திறந்தாலும் ஒட்டி உரசிச் சரிசெய்துவிடலாம். மாட்டையும் விதையையும் கைவேலையையும் அப்படிப் பூட்டிவைக்க முடியாது. ஒரு தலைமுறை கைவிட்டால் போச்சு.

விதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1930களில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் வந்து, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அநேகமாக எல்லா வயலையும் பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ரகங்களில் விவசாயியே நல்ல கதிரைப் பொறுக்கி அடுத்த வருட விதைக்கு எடுத்துவைப்பார். இன்று ஒரு பண்ணை அந்தப் பழைய ரகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் விதைத்துவிட்டால் மட்டும் போதாது. மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் போகிற சரக்கு. பக்கத்து வயலில் வீரிய ரகம் பூத்திருந்தால் இங்கேயும் கலந்துவிடும். தள்ளி விதைக்க வேண்டும், இல்லையென்றால் பூக்கும் காலம் ஒன்றாக அமையாமல் பார்த்து விதைக்க வேண்டும். வருடா வருடம், ஆள் வைத்து.

அந்த அயோவாவில்தான் லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ் என்ற வாழும் வரலாற்றுப் பண்ணை இருக்கிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதாரம் நடத்திய வில்லியம் மரே 1970இல் நிறுவியது. 1850ஆம் வருடப் பண்ணையில் காளைகளும் 1900ஆம் வருடப் பண்ணையில் குதிரைகளும் வேலை செய்கின்றன. வெறும் அலங்கார வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில், நூறு புஷல் (ஏறக்குறைய இரண்டரை டன்) மக்காச்சோளம் விளைவிக்க 1850இல் 75 முதல் 90 மணி நேர ஆள் உழைப்பு ஆனது. 1890இல் 35 முதல் 40 மணி நேரம். 1987இல் மூன்று மணி நேரம்கூட இல்லை. இதைப் பாடப்புத்தகத்தில் படித்தால் எண்களாகக் கடந்துபோகும். காளை பூட்டிய ஏருக்குப் பின்னால் பத்து நிமிடம் நடந்தால் உடம்பே கணக்குச் சொல்லிவிடும். ஒன்பது அங்குல அகலச் சால் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை உழுது முடிக்க 11 மைல் நடக்க வேண்டும். ஏறக்குறைய 18 கிலோமீட்டர். கையில் மேழி, முன்னால் மாடு, காலடியில் புரண்டு கிடக்கும் கட்டி.

அதிலும் நடப்பதுதான் சுலபமான பகுதி. மாட்டைப் பழக்குவதுதான் கஷ்டம். நியூ இங்கிலாந்தில் காளையைக் கன்றாக இருக்கும்போதே பழக்க ஆரம்பிக்கிறார்கள். நான்கு வயதானால்தான் முழு வேலைக்காளை என்று ஒப்புக்கொள்கிறார்கள். குதிரைக்குக் கழுத்துப்பட்டை சரியாகப் பொருந்த வேண்டும். கொஞ்சம் தொளதொளத்தாலும் தோளில் உரசிப் புண்ணாகிவிடும். உழவுக் காலம் முழுக்க இழுத்து இழுத்துக் குதிரை இளைக்கும், முன்பு பொருந்தியது பிறகு பொருந்தாது. இதைத் தினமும் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற கை இருக்கிறதே, அதைத்தான் காப்பாற்ற வேண்டும். எழுதிவைத்தால் பாதிதான் வரும். மீதி, பக்கத்தில் நின்று பார்த்துத் திட்டு வாங்கிக் கற்கிறது.

இப்படி நிஜமாகவே செய்து பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இங்கிலாந்தில் பட்சர் பழங்காலப் பண்ணையை 1972இல் பீட்டர் ரெனால்ட்ஸ் தொடங்கினார். இரும்புக்கால விவசாயத்தைச் செய்தே சோதிப்பதுதான் அவர் நோக்கம். அகழாய்வில் தரையில் தோண்டிய குழிகள் நிறையக் கிடைத்திருந்தன, தானியம் சேமித்தவை என்று கருதப்பட்டது. ஈர மண்ணில் கொட்டினால் கெட்டுப்போகாதா? அவர் தோண்டி, நிரப்பி, மேலே களிமண்ணால் அடைத்துவைத்துப் பார்த்தார். ஓரத்துத் தானியம் கொஞ்சம் முளைத்து, உள்ளே இருந்த பிராணவாயுவைத் தீர்த்து, கரியமில வாயுவை நிரப்பிவிடுகிறது. அதற்குமேல் முளைப்பும் நின்றுவிடும், பூச்சியும் பிழைக்காது. மாதக் கணக்கில் கழித்துத் திறந்தால் பெரும்பகுதி நன்றாக இருந்தது, விதைத்தால் முளைக்கவும் செய்தது. மேசையில் உட்கார்ந்து வருடக் கணக்கில் வாதாடியிருக்கக்கூடிய விஷயம்.

இதற்கு நேர்மாறான இடங்களும் இருக்கின்றன. ஒன்றுக்கு நானே போயிருக்கிறேன், பெயர் வேண்டாம். கலப்பைக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். கொழுவில் மண் பட்ட அடையாளமே இல்லை. மாடு படம் எடுப்பதற்காக நின்றுகொண்டிருந்தது. இந்தப் பருவத்தில் என்ன விதைக்கிறீர்கள் என்று கேட்டால், வேஷம் கட்டியிருந்தவர் அலுவலகத்தில் விசாரிக்கச் சொன்னார். தடுப்பூசி போடுகிறார்கள், பச்சைப் பாலை விற்பதில்லை, பின்னால் மின்வேலி இருக்கிறது என்பதையெல்லாம் நான் குறையாகச் சொல்லமாட்டேன். அவை இருக்க வேண்டியவை. விளைச்சலே இல்லாத பண்ணையை என்னவென்று சொல்வது?

சுத்தம் செய்த வரலாறும் அதே வகைதான். அயோவாப் பண்ணையில் 1700ஆம் வருடத்து அயோவே பழங்குடியினரின் விவசாயத்தையும் காட்டுகிறார்கள். மக்காச்சோளம், அவரை, பூசணி. அங்கே பெண்கள்தான் விவசாயிகள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் 1850 வந்துவிடுகிறது. நடுவில் 1836 ஒப்பந்தம் இருக்கிறது, அந்த மக்களை மிசௌரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிய ஒப்பந்தம். எந்த நிலத்தில் யார் உழுதார்கள் என்பதோடு, அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் வழிகாட்டி பேசியாக வேண்டும். லூசியானா மாநிலத்தில் 2014இல் திறந்த விட்னி பிளான்டேஷன் என்ற பழைய கரும்புத் தோட்ட அருங்காட்சியகம், முதலாளியின் மாளிகையை ஓரமாக வைத்துவிட்டு அடிமைகளின் வாழ்க்கையை நடுவில் வைத்தது. கரும்பு வெட்டியவர்களைப் பற்றிப் பேசாமல் கரும்பைப் பற்றி என்ன பேசுவது?

சரி, பணம். நுழைவுக் கட்டணத்தில் மட்டும் மாடு வளர்க்க முடியாது, அதனால் நன்கொடை தேடுகிறார்கள். கொடுக்கிறவர்களுக்குக் கட்டடம்தான் பிடிக்கிறது. களஞ்சியத்துக்குக் கூரை போட்டால் வாசலில் பெயர்ப்பலகை வைக்கலாம். ஏர் ஓட்டுகிறவரின் சம்பளத்துக்கு எங்கே வைப்பது? நான் கொடுப்பதாக இருந்தால் அந்தச் சம்பளத்துக்கும், அவரிடம் கற்றுக்கொள்ள வருகிற இளைஞனின் சாப்பாட்டுச் செலவுக்கும்தான் கொடுப்பேன். கூரை ஒழுகினால் தார்ப்பாய் போட்டுக்கொள்ளட்டும். (கட்டடக்கலை நண்பர்கள் கோபப்படுவார்கள், தெரியும்.)

நியூ ஜெர்சியில் ஹோவெல் பண்ணை என்று ஒன்று. 1974இல் அதன் உரிமையாளரான பெண்மணி கணவர் நினைவாக உள்ளூர் நிர்வாகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். பழைய வாழ்க்கையை வருகிறவர்கள் பார்த்தால் மட்டும் போதாது, குறிப்பாகக் குழந்தைகள் செய்தே பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாடு கறப்பது, முட்டை பொறுக்குவது மாதிரி வேலைகள். தானம் கொடுக்கும்போதே இப்படித் தெளிவாக யோசித்தவர்கள் குறைவு.

எங்காவது இப்படி ஒரு பண்ணைக்குப் போகிறவர்கள் திருவிழா நாளைத் தவிர்த்துவிடுங்கள். உழவு நாள், அறுப்பு நாள், களத்தில் தூற்றுகிற நாள் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். போனதும் போன வருட விளைச்சல் எவ்வளவு, எந்த விதை, வேலை தெரிந்தவரிடம் இப்போது யார் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டு "இவர்தான்" என்று காட்டினால் உண்டியலில் கொஞ்சம் கூடுதலாகவே போடலாம்.