தோள் தழும்பு சொல்லும் கதை

இடது தோளில் எனக்கு ஒரு சின்ன வட்டத் தழும்பு இருக்கிறது. உங்களுக்கும் அநேகமாக இருக்கும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட இடம். மருத்துவ ஆதாரங்களைக் கீழே பலவீனமானவை, மேலே வலுவானவை என்று ஒரு முக்கோணமாக வரைந்து, உச்சியில் இருப்பதுதான் உண்மை என்று யாராவது பகிரும்போது நான் இந்தத் தழும்பைத் தடவிக்கொள்வேன்.

1950-களில் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். காசநோய் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. அப்புறம் 1968-ல் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூரைச் சுற்றி ஊர் ஊராகப் போய், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து, சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. 1979-ல் முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. 15 வருடம் பின்தொடர்ந்தும் அதே கதைதான்.

முக்கோணத்தில் இந்த இரண்டு சோதனைகளுக்கும் இடம் உச்சியை ஒட்டித்தான். இப்போது எதை நம்புவது?

இதனால்தான் மருத்துவ ஆதாரங்களுக்குத் தரம் போட 2000-ல் தொடங்கிய 'கிரேடு' முறை எனக்குப் பிடிக்கும். செங்கல்பட்டில் நடந்தது போன்ற குலுக்கல் சோதனை என்றால் 'உயர்ந்த' தரத்தில் ஆரம்பிக்கலாம். ஆனால் முடிவுகள் ஒன்றுக்கொன்று முட்டினால், சோதித்த ஆட்கள் வேறு நாம் மருந்து கொடுக்கப்போகிற ஆட்கள் வேறு என்றால், மார்க் குறையும். குலுக்கிப் பிரிக்காமல், நடப்பதை மட்டும் பார்த்துக் குறிக்கும் கவனிப்பு ஆய்வு 'குறைந்த' தரத்தில் ஆரம்பித்தாலும், பலன் கண்கூடாகப் பெரிதாக இருந்தால் மேலே ஏறலாம். ஆதாரத்தின் தரம் ஒரு பக்கம், ஒரு மருந்தைக் கொடுக்கச் சொல்லும் பரிந்துரையின் வலு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்கிறது.

போன மாதம் அக்கா பேத்திக்கு பி.சி.ஜி. போட்ட தோளில் கொப்புளம். அக்கா மகளுக்குக் கோபம். "செங்கல்பட்டுல வேலை செய்யலைன்னு நீங்கதானே சொன்னீங்க மாமா, அப்புறம் எதுக்கு?"

கைக்குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலை இந்த ஊசி நன்றாகவே தடுக்கிறது. அதற்கான ஆதாரத்தில் பெரும்பகுதி, நோய் வந்த குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் ஒப்பிட்ட கவனிப்பு ஆய்வுகள். முக்கோணத்தில் கீழே கிடப்பவை. அதைச் சொன்னேன்.

"அப்போ கொப்புளத்துக்கு என்ன போடறது?"

ஒன்றும் போடாதே, தானாக ஆறும் என்றேன்.