சத்தம் போடாத திகில்

பழைய அமெரிக்க ரேடியோ திகில் நாடகங்கள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் 1938-க்குத்தான் ஓடுகிறார்கள். ஆர்சன் வெல்ஸ் நிஜச் செய்தி மாதிரியே ஒலிபரப்பிய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகம், அதைக் கேட்டு நாடே அலறியடித்து ஓடியதாம்! அந்தப் பீதியில் பாதி மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. நாடகம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறொரு ஆள்: வில்லிஸ் கூப்பர்.

1934-இல் சிகாகோவில் ‘லைட்ஸ் அவுட்’ தொடரை ஆரம்பித்தவர் இவர். நள்ளிரவு நிகழ்ச்சி, ரத்தக்களரி. மின்சார நாற்காலியில் ஆள் கருகும் சத்தத்துக்கு மைக் பக்கத்தில் பன்றிக்கறியை வறுத்தார்கள். எலும்பு முறிய வேண்டுமா, விலா எலும்பை வாங்கி வந்து உடை. ஸ்டூடியோவில் பாதி சமையலறைதான். கேட்க ஜாலியாக இருக்கும், ஆனால் பயம் வராது. எனக்கு வரவில்லை.

அதே கூப்பர் 1947-இல் ‘கொயட் ப்ளீஸ்’ என்று ஒரு தொடர் எழுதினார். இதில் எல்லாமே தலைகீழ். எர்னஸ்ட் சாப்பல் என்பவரின் குரல் ‘அமைதி’ என்று கேட்டுக்கொள்ளும். அப்புறம் சில விநாடிகள் ஒன்றுமே இருக்காது. ரேடியோவில் அப்படி விட்டால் நேயர் ஸ்டேஷன் மாற்றிவிடுவார் என்று பயப்படுவார்கள். இந்த மனிதர் அதிலேயே கதையைத் தொடங்குகிறார். சாப்பல் நடிக்கிற மாதிரியே தெரியாது. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற தொனி, நம்மைப் பார்த்தே பேசுவார்.

1948 ஆகஸ்டில் ஒலிபரப்பான ‘தி திங் ஆன் த ஃபோர்பிள் போர்ட்’ ஒன்றைக் கேட்டாலே போதும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஒருவன் பழைய கதை சொல்கிறான். பூமியின் ஆழத்திலிருந்து வந்த பாறைத் துண்டில் ஒரு மோதிரம், கூடவே ஒரு விரல். அப்புறம் கிணற்றுக்கு மேலே நிற்கும் கோபுரத்தின் உயரத்திலிருக்கும் மேடையில் (அதுதான் ஃபோர்பிள் போர்ட்) ஏதோ ஒன்று குழந்தை மாதிரி அழுகிறது. அந்த அழுகைக்குப் பின்னால் இருப்பது வெறும் மனிதக் குரல்தான். ஆனாலும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கவனித்தீர்களா, குலை நடுங்க வைப்பது அந்த ஜந்து மட்டுமில்லை. இத்தனையையும் அவன் அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறானே, அது! நிமிஷத்துக்கொரு கதவைக் கிறீச்சிட வைக்கும் இன்றைய பாட்காஸ்ட்காரர்கள் இதை ஒருதரம் கேட்கலாம்.

இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பதிவில் இரைச்சல் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள் தயவுசெய்து கடைசி இரண்டு நிமிஷத்தைக் கமெண்டில் போட்டு உடைத்துவிடாதீர்கள்.