என் பதிலுக்கு நானே எடுத்த டிக்கெட்

போன சனிக்கிழமை ராத்திரியிலிருந்து வயிறு எரிகிறது. யாரிடமாவது கொட்டித் தீர்க்காமல் அடங்காது போலிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாண்டிச்சேரியில் ஸ்டாண்டப் காமெடி ஷோ. ஒயிட் டவுன் பக்கம் ஒரு கஃபேயின் மாடி. தலைக்கு 499 ரூபாய், நானும் மனைவியும் சேர்த்து 998, அதற்கு மேல் ஆன்லைனில் புக் செய்ததற்கு ‘வசதிக் கட்டணம்’ வேறு, யாருக்கு வசதி என்று இன்றுவரை விளங்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் கடையை நாலரைக்கே சாத்திவிட்டு, பஸ் பிடித்து, ஆல்பேட்டை, முள்ளோடை, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று எல்லா இடத்திலும் நின்று நின்று, மரப்பாலத்தில் டிராஃபிக்கில் கிடந்து போய்ச் சேர்ந்தோம். சீக்கிரம் போனதற்குப் பரிசாக முதல் வரிசை கிடைத்தது. முதல் வரிசை என்றால் நன்றாகத் தெரியும் என்று நினைத்து உட்கார்ந்த அப்பாவி நான்.

விளக்கு அணைந்தது, பாட்டு போட்டார்கள், அந்தத் தம்பி மேடைக்கு வந்தார். பெயரெல்லாம் வேண்டாம். “பாண்டிச்சேரி, எப்படி இருக்கீங்க?” என்று ஒரு கத்து. அப்புறம் நேராக என்னைப் பார்த்தார்.

“சார், எந்த ஊரு?”

“கடலூர்.”

“ஓ, கடலூரா! ஷோ பாக்க வந்தீங்களா, சரக்கு வாங்க வந்தீங்களா?”

அரங்கமே சிரித்தது. கடலூரில் பிறந்த எவனும் பாண்டிக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் கேட்கிற முதல் வசனம் இதுதான். எட்டாவது படிக்கும்போது மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னதற்கே எங்கள் கணக்கு வாத்தியார் இதைக் கேட்டார். அதற்கு அவர் டிக்கெட் காசு வாங்கவில்லை.

சரி, முடிந்தது என்று பார்த்தால் அடுத்தது. “சார் என்ன பண்றீங்க?” ஜெராக்ஸ் கடை என்றேன். தம்பி ஒரு நொடி நிறுத்தினார். என் மனைவியைப் பார்த்தார். மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எனக்குத் தெரிந்துவிட்டது என்ன வரப்போகிறதென்று. பதினாறு வருஷமாகக் கடை நடத்துகிறேன், கோர்ட்டுக்கு வருகிற வக்கீல், குமாஸ்தா, பத்திரம் எழுதுகிறவர் என்று வாரத்துக்கு ஒருத்தராவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். “அப்ப உங்க பசங்க எல்லாம் அப்படியே உங்கள மாதிரியே இருப்பாங்களே சார்?” கைதட்டல், விசில். பின்னாலிருந்து ஒருத்தன் “தலைவா” என்கிறான்.

அதற்குப் பிறகு அடுத்த நாற்காலி. லவ் மேரேஜா அரேஞ்ச்டா, ஐடியில் இருக்கீங்களா, எவ்வளவு சம்பளம், காலாப்பட்டிலிருந்து வந்த கல்லூரிப் பசங்களிடம் சிங்கிளா கமிட்டடா, அவர்களில் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அதே கேள்வி, ஓரத்தில் பாவம் என்று உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பிரெஞ்சில் ‘போன்ஷூர்’. மொத்தம் 65 நிமிடம். அதில் அவரே எழுதிக்கொண்டு வந்தது என்று சொல்லக்கூடிய ஜோக் இரண்டுதான் தேறும், இரண்டும் அம்மாவும் வாட்ஸாப்பும். இரண்டாவது எடுபடவில்லை என்றதும் “சரி விடுங்க, இங்க வேற யாரு கடலூர்?” என்று மறுபடி எங்கள் பக்கமே திரும்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் புலம்பினேன். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே “நீங்களும்தான் சிரிச்சீங்க” என்றாள். சிரித்தேன்தான். பக்கத்து வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தாலும் ஒரு நொடி சிரிப்பு வரும், அதற்காக அவருக்கு 499 ரூபாய் கொடுப்போமா?

மறுநாள் மச்சான் வந்தான். இந்த ஸ்டாண்டப் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. “மாமா, இதுக்குப் பேரு க்ரவுட் வொர்க், இதுதான் ரொம்பக் கஷ்டம். கையில ஒண்ணுமே இல்லாம அந்த நேரத்துல அடிக்கணும். அமெரிக்காவுல மேட் ரைஃப்னு ஒருத்தன் இப்படிப்பட்ட க்ளிப்பாலதான் 2022-ல டிக்டாக்ல பெரிய ஆளானான், 2024-ல நெட்ஃபிளிக்ஸ்லயே க்ரவுட் வொர்க் மட்டும் வச்சு ஒரு ஸ்பெஷல் ஷோ வந்துச்சு” என்று பாடம் எடுத்தான்.

கஷ்டம் இல்லை என்று யார் சொன்னது? அந்த நேரத்தில் சொல்வது நமக்கு என்ன புதுசா? ஆசுகவி என்றே தமிழில் ஒரு வகைப் புலவர் உண்டு. காளமேகத்திடம் வாய்க்கு வந்த ஈற்றடியைக் கொடுத்துப் பாடச் சொல்வார்கள், மனிதர் நின்ற இடத்தில் வெண்பா பாடுவார். சபை கொடுத்தது ஒரு சொல், திரும்பக் கிடைத்தது ஒரு பாட்டு. எனக்குத் திரும்பக் கிடைத்தது என்ன? ஊரையும் தொழிலையும் நான் கொடுத்தேன், ஜோக்கை எங்கள் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், நடுவில் இந்தத் தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் அம்மா ஊர் விருத்தாசலம் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூத்து வைப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை போகும். கூத்தில் கோமாளி வேஷக்காரனான கட்டியங்காரன் வந்து செய்கிற அக்கிரமம் இருக்கிறதே! தூங்கி விழுகிற பெரியவரை எழுப்பி விடுவான், ஊர்த் தலைவரை இழுப்பான், மொய் வைத்தவன் பெயரைச் சொல்லும்போதே காலை வாருவான். எங்கள் தாய்மாமா ஒரு முறை அவனிடம் மாட்டினார், அடுத்த திருவிழாவரை ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. ஆனால் அவன் அப்படி விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரைக்குப் பின்னால் துரியோதனன் சலங்கையைத் தட்டிக்கொண்டு நிற்பான். அவனைச் சபைக்கு அழைத்து வருவதும் கட்டியங்காரன் வேலைதான், ராஜா சொல்வதைக் கொச்சையாகப் பெயர்த்துச் சொல்வதும் அவன்தான், ராத்திரி முழுக்கக் கதை அவன் தோளில் நகரும். கதையே இல்லாமல் கட்டியங்காரன் மட்டும் விடிய விடிய “ஏம்பா நீ எந்த ஊரு” என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஊரில் பந்தலைப் பிரித்து அனுப்பியிருப்பார்கள்.

மச்சான் இதற்கும் ஒன்று வைத்திருந்தான். டாட் பாரி என்று ஒரு அமெரிக்கக் காமெடியன், எழுதிய ஜோக் எதுவும் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பார்வையாளர்களிடம் பேசியதை மட்டுமே படமாக்கி 2014-ல் வெளியிட்டாராம். தேடிப் பார்த்தேன், உண்மைதான். தலைப்பிலேயே க்ரவுட் வொர்க் என்று போட்டிருக்கிறார்! அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் எழுதி எழுதி மேடையேறிய மனிதர். அந்த மாதிரி போஸ்டரில் போட்டுவிடுங்களேன் அய்யா, ‘இன்று மாலை உங்களிடம் ஊர், தொழில், கல்யாண விவரம் விசாரிக்கப்படும்’ என்று. அதற்கும் வருகிறவர்கள் வருவார்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. போஸ்டரில் ஸ்டாண்டப் என்று போட்டால் யார் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லிப் பார்க்கலாம் என்கிற ஓப்பன் மைக் மேடைகளில் ஐந்து நிமிடத்துக்கு நாயாய் அலைந்து, எடுபடாத வரியை வெட்டி, மறுபடி சொல்லிப் பார்த்து, அப்படி ஒரு மணி நேரம் சேர்த்தவரின் ஷோ என்றுதான் நான் நம்பிப் போவேன். அப்படிச் செய்கிறவர்கள் தமிழிலேயே இருக்கிறார்கள். அலெக்சாண்டர் பாபு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடிக் கதை சொல்கிறார், அந்த ஷோ அவருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஏன் எல்லாரும் இந்தப் பக்கமே சாய்கிறார்கள் என்பதும் தெரியாமல் இல்லை. எழுதிய ஜோக்கை ரீல்ஸில் போட்டால் அது செத்தது, அடுத்த ஊரில் சொன்னால் “பார்த்தாச்சு” என்பார்கள். பார்வையாளரைக் கலாய்த்த துண்டு வீடியோவுக்கு அந்தக் கவலையே கிடையாது, எப்படியும் திரும்பச் சொல்லப் போவதில்லை, தாராளமாகப் போடலாம். டிக்டாக் 2020-லேயே நம் நாட்டில் போய்விட்டது, ரீல்ஸும் ஷார்ட்ஸும் அந்த வேலையைப் பார்க்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் அதையே எதிர்பார்க்கிறது, தன்னைக் கலாய்க்கச் சொல்லிக் கையைத் தூக்குகிறது. சரி, பிழைப்பு. அதற்கு நான் என்ன செய்ய?

எனக்கு எரிகிறது எங்கே தெரியுமா? கடலூர் என்றதும் சரக்குதான் ஞாபகம் வருகிறதா? புயல் வந்தால் டிவியில் என்ன சொல்வார்கள்? நாகை, காரைக்கால், புதுச்சேரி என்று போகிற அந்த வரிசையில் ‘கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்பார்கள். கூண்டு என்று கேட்டதும் சின்ன வயதில் நான் கிளிக்கூண்டு என்று நினைத்து, அதற்குள் கிளி நனையாதா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். மொத்தம் 11 எண் உண்டு, பாதிப் பேருக்கு எது எதற்கு என்று தெரியாது, ஆனாலும் டீக்கடையில் “மூணு ஏத்திட்டானாம்” என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கொள்வார்கள். சில்வர் பீச்சில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஒரு நிருபர் ‘காற்று பலமாக வீசுகிறது’ என்று கத்துவார், அவருக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பசங்க சட்டை கூட இல்லாமல் கையசைத்துக்கொண்டிருப்பார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல், இரண்டுமே இந்தப் பக்கம்தான் கரை ஏறின. அந்த மாடியில் உட்கார்ந்திருந்த பாண்டிக்காரர்களில் பாதிப் பேராவது கரண்ட் இல்லாமல் கிடந்திருப்பார்கள். எழுதத் தெரிந்த ஒருத்தன் ஒரு நாள் இந்தப் பக்கம் சுற்றியிருந்தால் பத்து நிமிடம் தேறியிருக்கும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கே இவ்வளவு தோன்றுகிறது!

இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை வீடியோ வந்துவிட்டது. என் முகம், என் மனைவி முகம், கீழே மஞ்சள் எழுத்தில் வசனம், மேலே ‘கடலூர் ஜெராக்ஸ் அங்கிள்’. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயது 41. நெய்வேலியிலிருந்து சித்தி போன் செய்து “சரக்கு வாங்கவா பாண்டிக்குப் போன?” என்று அழாத குறையாகக் கேட்கிறார். அவருக்கு விளக்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது, முடிவில் “சரி சரி, குறைச்சுக்கோ” என்று வைத்துவிட்டார்.

இன்று காலை கடைக்கு ஒரு பையன் வந்தான். ஆதார் கார்டை நீட்டிவிட்டு என்னையே பார்த்தான்.

“அண்ணே, நீங்கதானே அந்த...”

“முன்னாடி பின்னாடி ஒரே பக்கத்துலயா, தனித்தனியாவா?”

“ஒரே பக்கத்துல. உங்க பசங்களும் அப்படியே...”

“ரெண்டு ரூபா. சில்லறையா குடு.”