குடித்துவிட்டு ஓட்டியவரைப் பிடியுங்கள். பிடித்த பிறகு?

தீபாவளி வந்தாலும் சரி, ஏப்ரல் சீசன் வந்தாலும் சரி, ஹட்டன் – நுவரெலியா ரோட்டில் பொலிஸ் சோதனை கூடிவிடும். கூடட்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் பனிமூட்டம். தெளிவாக இருக்கிறவரே தடுமாறுகிற பாதை இது. 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அல்கஹோல் என்பது நம் சட்டம் வைத்திருக்கும் எல்லை. என்னைக் கேட்டால் இந்த ரோட்டு வளைவுகளுக்கு அதுவே அதிகம்.

என் கேள்வி வேறு. பலூன் ஊதச் சொல்லி, ஆளைப் பிடித்த பிறகு என்ன நடக்கிறது?

முதலில் மறிக்கிற இடம். வளைவு முடிந்த கையோடு டோர்ச் அடித்து நிறுத்தினால், பின்னால் இறக்கத்தில் பாரத்தோடு வருகிற லொறிக்காரன் என்ன செய்வான்? நேரான, அகலமான இடம் பார்த்து, வெளிச்சத்தோடும் மின்னுகிற அங்கியோடும் நிற்பது பொலிஸ்காரருக்கும் நல்லதுதானே. நிறுத்தியதும் சாவியை வாங்கிவிட வேண்டும். ஏற்றத்தில் நிற்கிற ஆட்டோ என்றால் சில்லுக்குக் கல் வையுங்கள், ஹேண்ட்பிரேக் போட்டானா என்று அவனுக்கே தெரியாது. நிற்காமல் ஓடுகிறவனைத் துரத்தவும் வேண்டாம். நம்பர் பிளேட் இருக்கிறது, அடுத்த சோதனைச் சாவடிக்குச் சொல்லலாம். இந்த ரோட்டில் துரத்தினால் பள்ளத்தில்தான் போய் முடியும்.

ஆட்டோவுக்குள் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால்? சாரதியை ஜீப்பில் ஏற்றிவிட்டு அவர்களை இரவு பத்து மணிக்கு, சிறுத்தை நடமாடுகிற தேயிலை மலையில் விட்டுப் போக முடியாது. அவர்களை லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் அந்தக் கைதில் ஒரு பகுதிதான்.

எனக்குப் பெரிய பயம் பொலிஸ் ஸ்டேஷன் கூண்டைப் பற்றித்தான். விபத்து நடந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பதில்லை, பொலிஸ் வருவதற்குள் சாரதிக்கு நாலு சாத்து விழுந்திருக்கும். அப்புறம் அவர் வாய் குழறினால், நடக்கத் தள்ளாடினால், வாந்தி எடுத்தால் எல்லாம் போதை என்றே கணக்கு. "விடியட்டும், தெளிந்துவிடும்" என்று மூலையில் படுக்க வைத்துவிடுவார்கள். மண்டைக்குள் இரத்தம் கசிந்தாலும் இதே தள்ளாட்டம்தான். நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்கினாலும் இதே குழறல்தான். இரண்டும் போதையைப் போலத் தானாகத் தெளிகிற விஷயமில்லை. சாராய வாடை அடிக்கிறது என்பதற்காக மற்றதெல்லாம் இல்லை என்று ஆகிவிடாது. அரசாங்க வைத்தியரிடம் காட்ட சட்டத்தில் வழி இருக்கிறது. கேஸை நிரூபிப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தாமல், அடிபட்டவரையும் தட்டி எழுப்பினால் எழும்பாதவரையும் கூண்டுக்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் குடித்தவர் கண் மங்குகிறது என்றால் யோசிக்கவே நேரமில்லை.

கூண்டில் வைத்தாலும் மல்லாக்கப் படுக்க விடக்கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போனால் சில நிமிடத்தில் ஆள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடிக்கடி பெயர் சொல்லி எழுப்பிப் பார்க்க வேண்டும். அப்புறம் குளிர். குடித்தால் உடம்பு சூடாகும் என்பது வெறும் பேச்சு. தோலுக்கு இரத்தம் கூடுதலாக ஓடி உள்சூடுதான் வெளியே போகிறது. தை மாதம் புல்லில் உறைபனி படிகிற நுவரெலியாவில், நனைந்த சேர்ட்டோடு ஒருவரை சீமெந்துத் தரையில் போடுவது தண்டனைச் சட்டத்தில் எங்கே இருக்கிறது? ஒரு கம்பளி கொடுத்தால் போதும்.

மேலிடத்து ஃபோன் வந்ததும் அதே போதையில் சாவியையும் கொடுத்து அனுப்புவது இன்னொரு கூத்து. போகிற வழியில் யாரை மோதினாலும் அந்த ஃபோன் பேசியவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

வாக்குமூலத்தையும் தெளிந்த பிறகு எடுங்கள், தமிழில் எடுங்கள். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. விளங்காத சிங்களத்தில் போதையில் வைத்த கையெழுத்துக்கு என்ன பெறுமதி?

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் மானம் போச்சு என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஸ்டேஷனுக்குப் போங்கள். சீனி, பிரஷர், வலிப்பு, குடிக்கிற மருந்து, எங்கே அடிபட்டது எல்லாவற்றையும் சொல்லி, பொலிஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்த உத்தியோகத்தரிடம் சொன்னீர்கள் என்பதை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கிறார்கள் என்றாலோ, வைத்தியரிடம் காட்ட மறுத்தாலோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.