தாஜ் ஓட்டலும் ஒரு வீறாப்புக் கதையும்

மும்பை தாஜ் ஓட்டல் பிறந்த கதை என்று ஒன்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அங்கிருந்த வாட்சன் ஓட்டலில், இந்தியர் என்பதால், தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடாவை வாசலோடு திருப்பி அனுப்பினார்களாம். அந்த வீறாப்பில் தாஜைக் கட்டினாராம். கிருஷ்ணகிரியில் கல்யாணப் பந்தியில்கூட இதைச் சொல்லிப் புல்லரிக்கிறார்கள். உறுதியான சான்று இல்லை என்பது இருக்கட்டும், அந்த மனிதரை இந்தக் கதை சிறியவராக்கிவிடுகிறது. என் கோபம் அதில்தான்.

1896இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். ஊரின் பெயரே கெட்டுக் கிடந்த அந்தக் காலத்தையொட்டித்தான் கடலோரத்தில் ஒருவர் தன் பணத்தைக் கொட்டி ஓட்டல் கட்ட முனைகிறார். வஞ்சம் தீர்க்கவா இத்தனை பாடு?

இரும்பாலை, நீர்மின்சாரம், அறிவியல் கழகம் என்று அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் திட்டங்கள். இதெல்லாம் போதாதென்று சாப்பாட்டுக் கடை வேறா என்று உடன்பிறந்தவரே கேலி செய்ததாகச் சொல்வார்கள். (நம் வீடுகளில் இதைவிடக் காரமாகவே கேட்டிருப்பார்கள்.) கடைசியில், நான்கில் அவர் கண்ணால் பார்த்தது அந்தச் சாப்பாட்டுக் கடையை மட்டும்தான். 1903 டிசம்பர் 16இல் ஓட்டல் திறந்தது. 1904 மே மாதம் ஜெர்மனியில் அவர் காலமானார். நமக்குப் பக்கத்து ஊரான பெங்களூரில் அறிவியல் கழகம் எழுந்தது 1909இல். டாடா குழுமத்தின் ஓசூர் டைட்டனில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காவது இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

கட்டடத்தின் அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். வரைந்தவர் சீதாராம் கண்டேராவ் வைத்யா, உடன் டி. என். மிர்சா. பாதியில் வைத்யா இறந்துபோக, டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் முடித்தார். நடுக் கூடத்திலிருந்து மாடி மாடியாக ஏறும் படிக்கட்டு எதன்மேலும் ஊன்றாமல் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தோன்றும். எதிரே இருக்கும் கேட்வே ஆஃப் இந்தியா 1924இல்தான் திறக்கப்பட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஓட்டல் அதற்கு இருபது ஆண்டு மூத்தது! கப்பலில் வந்தவர்களுக்கு முதலில் தெரிந்த பம்பாய், அந்தச் சிவந்த குவிமாடம்தான்.

2008 தாக்குதலில் எரிந்ததைப் பழைய வடிவம் குலையாமல் சீரமைத்து 2010 ஆகஸ்ட் 15இல் மீண்டும் திறந்தார்கள். ஆனால் 1970களில் பக்கத்திலேயே எழுப்பிய அந்த உயரக் கட்டடத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கூடுதல் அறைகள் தேவைப்பட்டிருக்கலாம், வருமானமும் வந்திருக்கும். படம் எடுக்கும்போது நான் அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறேன்.