நாங்கள் சந்தா கட்டாத ஏழு வருஷம்

எங்கள் முதலாளியின் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு இரும்புத் துண்டு வைத்திருப்பார். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வழவழப்பு, உடைந்த பக்கம் கருங்கல்போலப் பொரபொரப்பு. பார்க்க வருகிறவர்கள் கையில் எடுத்து உருட்டிவிட்டு "என்ன சார் இது?" என்பார்கள். "ஏழு வருஷச் சந்தா" என்பார் அவர்.

பந்தய வண்டிகளுக்குக் கிளட்சும் ஃப்ளைவீலும் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. கணினியில் இயங்கும் மூன்று சிஎன்சி மெஷின், ஒரு பழைய லேத், ஒரு பேலன்சிங் மெஷின். நான் அங்கே தரக் கட்டுப்பாடு. வெளியே போகிற கடிதங்களும் என் தலையில்தான், சின்ன கம்பெனியில் ஆளுக்கு ஒரு வேலை என்பதெல்லாம் கிடையாது. வருஷா வருஷம் பந்தயப் பாகம் செய்கிற கம்பெனிகளின் தொழில் சங்கத்திலிருந்து உறுப்பினர் சந்தா பற்றி மெயில் வரும். அச்செடுத்து அவர் முன்னால் வைப்பேன். ஒரே கேள்விதான் கேட்பார்: "இதனால நமக்கு எத்தனை பீஸ் கூட விக்கும்?"

என்னிடம் பதில் இருக்காது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எண்ணம்தான். கண்காட்சியில் ஸ்டால் எடுக்கவே காசை எண்ணி எண்ணிக் கொடுக்கிறோம், இதற்கு வேறயா என்று. காகிதத்தின் ஓரத்தில் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எழுதி ஃபைலில் போட்டுவிடுவேன். என் கையெழுத்தில் ஏழு "அடுத்த வருஷம்" அந்த ஃபைலில் இன்றும் இருக்கிறது.

எட்டாவது வருஷம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே அந்தத் துண்டும் ஒரு கடிதமும். வண்டியை நிறுத்திவைத்தே ஓட்டிச் சோதிக்கும் டைனோவில் வைத்து முடுக்கும்போது உங்கள் ஃப்ளைவீல் வெடித்துவிட்டது, அதை மூடிய உறையான பெல்ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் பதிந்துவிட்டது, ஆபரேட்டர் பக்கத்து அறையில் இருந்ததால் தப்பினார் என்று எழுதியிருந்தார்கள். துண்டின் விளிம்பில் எங்கள் முத்திரை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதலாளி அதை வாங்கி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரல் கறுத்தது.

"வார்ப்பு" என்றார்.

நாங்கள் வார்ப்பிரும்பைத் தொடுவதே இல்லை. ஸ்டீல் பில்லட்டை, அதாவது முழுக் கட்டியை, மெஷினில் ஏற்றிக் கடைவதுதான் எங்கள் வேலை. சாம்பல் வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும், உடைந்த இடத்தைத் தேய்த்தால் பென்சில் முனையைத் தேய்த்ததுபோல விரலில் ஒட்டும். ஸ்டீலில் அது கிடையாது. யாரோ சாதா வண்டியின் வார்ப்பு ஃப்ளைவீலில் எங்கள் முத்திரையை அடித்து, பந்தயச் சரக்கு என்று இணையச் சந்தையில் விற்றிருக்கிறார்கள்.

அந்த இணையச் சந்தைக்கு மூன்று மாதத்தில் பதினோரு மெயில் போட்டேன். பதினொன்றுக்கும் இயந்திரம்தான் பதில் சொன்னது. கடைசியில், வெட்கத்தை விட்டு, எங்களோடு போட்டி போடுகிற ஒரு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். "நீங்க இன்னும் சங்கத்துல சேரலையா?" என்று கேட்டார். அவர் சரக்கையும் அதே ஆள் நகலெடுத்திருந்தான். இன்னும் மூன்று உறுப்பினர்களுடையதையும். சங்கத்தில் இந்த வேலைக்கென்றே ஒருவர் இருந்தார். நான்கு புகாரையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். எங்களுடையதையும் ஐந்தாவதாகச் செருகினார்கள், சந்தா கட்டினாயா என்று யாரும் கேட்கவில்லை. சில வாரங்களில் அந்த விற்பனைப் பக்கமே காணாமல் போனது. அடுத்தவர் கட்டிய சந்தாவில் நாங்கள் பிழைத்தோம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஃப்ளைவீல் வெடிப்பது புதுக் கதை இல்லை. 1950, 60களின் அமெரிக்க நேர்கோட்டு முடுக்கப் பந்தயங்களில் (டிராக் ரேஸ்) கிளட்ச் வெடிப்பதென்றால் ஓட்டுநரின் கால்மாட்டில் குண்டு வெடிப்பதற்குச் சமம், ஏனென்றால் எஞ்சினுக்குப் பின்னால், கிளட்சை ஒட்டித்தான் அவர் உட்கார்ந்திருப்பார். 1970இல் அந்தப் பந்தய வீரர் டான் கார்லிட்ஸுக்கு டிரான்ஸ்மிஷன் வெடித்து வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த வண்டியோடு 1971இல் அவர் திரும்பி வந்தது தனிக் கதை. ஆனால் எல்லா வண்டியையும் அப்படி மாற்ற முடியாதே. பாகம் வெடிக்காமல் இருக்க வேண்டும், வெடித்தாலும் உறைக்குள்ளேயே அடங்க வேண்டும். எது அடங்கும், எது அடங்காது என்று யார் சொல்வது? ஒவ்வொரு தயாரிப்பாளரும் என்னுடையதுதான் உறுதி என்பார். பந்தயம் நடத்துகிறவருக்கோ ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க வசதி கிடையாது.

இந்த இடத்தில்தான் அமெரிக்கப் பாகக் கம்பெனிகளின் சங்கமான சேமா வருகிறது. 1963இல் கலிபோர்னியாவில் ஒன்றுக்கொன்று போட்டியான சில பாகக் கம்பெனிகள் கூடி ஆரம்பித்த சங்கம். கேம்ஷாஃப்ட்டில் பேர் வாங்கிய எட் இஸ்கெண்டேரியன் முதல் தலைவர். முதலில் அதன் பெயரிலேயே 'ஸ்பீடு' இருந்தது, பிறகு 'ஸ்பெஷாலிட்டி' ஆனது. இன்றைக்கு சேமா என்றால் லாஸ் வேகஸ் கண்காட்சிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் முதல் கண்காட்சி நடந்தது 1967இல்தான். அதற்கு முன்பே அந்தச் சங்கம் கையில் எடுத்த வேலை பாகங்களுக்குத் தர விதி எழுதுவது. அந்தப் பிரிவு 1978இல் தனியாகப் பிரிந்து எஸ்எஃப்ஐ என்ற தர விதி அமைப்பு ஆனது. பந்தய உடையில் '3.2ஏ/5' என்று அதன் லேபிள் பார்த்திருப்பீர்கள். தீயில் சிக்கினால் இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட 10 விநாடி ஆகும் என்று அர்த்தம். '/1' என்றால் 3 விநாடி, '/20' என்றால் 40. அதே அமைப்பின் முத்திரை உள்ள இருக்கை பெல்ட்டை இரண்டு வருஷத்தில் மாற்றியாக வேண்டும், புதிதுபோலப் பளபளத்தாலும்.

மூன்று விநாடி, பத்து விநாடி என்று பிரித்து எழுதியதில் பாகம் செய்கிறவர்களின் பங்கு பெரியது. துணி செய்கிறவர், நூல் செய்கிறவர், ஃப்ளைவீல் செய்கிறவர் என்று அவரவர் தொழில் ரகசியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உட்கார்ந்து பேசியதில் வந்தவை இப்படிப்பட்ட விதிகள். ஒரு கம்பெனி தனியாக எழுதினால் அதை விளம்பரம் என்போம்.

இன்னொரு கதை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 2007 ஆகஸ்ட்டில் ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணைத் தொழிலாளி ஏணியில் ஏறி வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னோக்கி நகர்ந்த டிராக்டரின் டிரெய்லர் ஏணியில் இடித்தது. மனிதர் விழுந்துவிட்டார். டிராக்டரின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டார். சாலையில் நடந்த விபத்து இல்லையே என்று மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2014இல் தீர்ப்பு: வாகனத்தை அதன் இயல்பான வேலைக்கு எங்கே பயன்படுத்தினாலும் கட்டாய மோட்டார் காப்பீடு பொருந்தும். தொழிலாளி பக்கம் நியாயம் இருந்தது, எனக்கு அதில் மறுப்பே இல்லை.

ஆனால் 'எங்கே பயன்படுத்தினாலும்' என்றால் பந்தயத் தளமும் அதில் சேரும். வளைவில் இரண்டு கார் உரசினாலும் சாலை விபத்துபோல இழப்பீட்டுக் கணக்கு. பிரிட்டன் அரசே சொன்ன கணக்குப்படி அங்கே மோட்டார் பந்தயத்துக்கு மட்டும் வருஷத்துக்கு 45.8 கோடி பவுண்டு சுமை. அந்தக் காப்பீட்டைக் கொடுக்க யார் முன்வருவார்கள் என்பது அடுத்த கேள்வி. வைக்கோல் போரில் சாய்ந்த ஒரு ஏணி, ஒரு கண்டத்தின் பந்தயத் தொழில் மேலேயே விழப் பார்த்தது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எந்தப் பிஸ்டன் கம்பெனிக்காரர் அதைப் படித்திருப்பார்? படிப்பதற்கென்று ஆள் வைத்திருந்தவை சங்கங்கள். பிரிட்டனின் மோட்டார்ஸ்போர்ட் தொழில் சங்கமான எம்ஐஏவும் பந்தய அமைப்புகளும் வருஷக்கணக்கில் அமைச்சகங்களின் கதவைத் தட்டின. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் திருத்திப் பந்தயத்துக்கு விலக்கு அளிக்க வழி வைத்தது. பிரிட்டன் 2022இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பிடியிலிருந்து வெளியே வந்தது.

இதில் சந்தா கட்டாத கம்பெனிக்கும் கட்டிய கம்பெனிக்கும் ஒரே பலன். சிக்கல் அதுதான். தேர் நிலைக்கு வந்தால் வடம் பிடிக்காதவன் வீதிக்கும் சாமி வந்த மாதிரிதான். எங்கள் முதலாளி கேட்ட கேள்வி தப்பில்லை, ஒரு கம்பெனியின் கணக்கில் அதற்கு விடை வராது, அவ்வளவுதான். எல்லோரும் அதே கணக்குப் போட்டால் தேர் தெருவில் நிற்கும்.

சரி, சங்கம் என்றாலே புனிதமா? இல்லை. எனக்கு நிறையக் குறை உண்டு. சந்தா பெரும்பாலும் விற்றுமுதலைப் பொறுத்து இருப்பதால் பெரிய கம்பெனி பெரிய தொகை கட்டுகிறது, கூட்டத்திலும் அந்தக் கம்பெனிக் குரல்தான் பெரிதாகக் கேட்கிறது. கண்காட்சியும் விருந்தும் நடத்தவே பாதிச் சக்தி போய்விடுகிறது என்று எனக்குப் படுகிறது. இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம்.

எனக்கு ஒப்பாதது வேறு. 2015இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ, கனரக வண்டிகளுக்கான புகை விதியின் வரைவில், சாலை வண்டியாகச் சான்று பெற்றதைப் பந்தய வண்டியாக மாற்றினாலும் அதன் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைத் தொடக்கூடாது என்கிற பொருளில் சில வரிகளைச் சேர்த்திருந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே கிடந்ததைக் கண்டுபிடித்தது சேமா. 2016 பிப்ரவரியில் சத்தம் போட்டார்கள், ஒரு லட்சம் கையெழுத்து மளமளவென்று சேர்ந்தது, ஏப்ரலில் இபிஏ அந்த வரிகளை எடுத்துவிட்டது. சபாஷ். அதே வருஷம், சாலை வண்டியைப் பந்தயத்துக்கு மாற்றுவதைச் சட்டத்திலேயே அனுமதிக்கும் ஆர்பிஎம் மசோதா வந்தது, காங்கிரஸில் பிறகும் பலமுறை கொண்டுவந்தார்கள்.

இதுவரை நான் சங்கத்தின் பக்கம். ஆனால் 2020இல் அதே இபிஏ இன்னொரு கணக்கை வெளியிட்டது: அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றியிருக்கிறார்கள். அத்தனையும் பந்தயத்துக்கா போயின? பெட்டியின் மேல் 'பந்தயத்துக்கு மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டி, சாலையில் ஓடுகிற வண்டிக்கு டியூனர் (எஞ்சின் அமைப்பை மாற்றும் கருவி) விற்ற கம்பெனிகள் நம் தொழிலில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றி வருகிற நேர்மையான ஆளின் பெயரைச் சொல்லி இவர்கள் ஒளிந்துகொண்டார்கள். அப்படிப்பட்டவர்களையும் உறுப்பினராக வைத்துக்கொண்டு ஒரு சங்கம் அரசிடம் போய் "எங்களை நம்புங்கள்" என்று சொன்னால் எவன் நம்புவான்? வார்ப்பில் எங்கள் முத்திரையை அடித்தவனுக்கும், சாலைச் சரக்கில் பந்தய முத்திரையை அடிக்கிறவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதை வெளியே நின்று திட்டிப் பயனில்லை என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். உறுப்பினராக இருந்தால் கமிட்டியில் கையைத் தூக்கிக் கேட்கலாம். போன கூட்டத்தில் கேட்டேன், இரண்டு பேர் முறைத்தார்கள், ஒருவர் தேநீர் இடைவேளையில் வந்து "நல்லாக் கேட்டீங்க" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார். சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து வருகிற மாற்றம் இன்னும் பெரிது. 2026 முதல் ஃபார்முலா ஒன் முழுக்க, பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயில் செய்யாத நிலைத்த எரிபொருளுக்குப் போகிறது என்பது விதி. ஃபார்முலா ஈ 2014லிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரப் பந்தய வண்டிக்கு எங்கள் கிளட்ச் எதற்கு? அதிக மின்னழுத்த பேட்டரி விபத்தில் தீப்பிடித்தால் உறை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும், டிராக்கில் இருக்கிற மார்ஷல், அதாவது பாதுகாப்பு ஊழியர், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்றெல்லாம் விதிகள் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. 60களில் கிளட்ச் உறைக்கு விதி எழுத உட்கார்ந்தவர்கள் பாகம் செய்கிறவர்கள். இப்போது அந்த நாற்காலியில் நாம் உட்காராவிட்டால், ஃப்ளைவீலைக் கையால் தொட்டே பார்க்காத ஒருவர் உட்காருவார்.

சந்தா கட்டி இது மூன்றாவது வருஷம். எத்தனை பீஸ் கூட விற்றது என்று முதலாளி இன்னமும் கேட்கிறார், பழக்கதோஷம். இன்னமும் என்னிடம் பதில் இல்லை. போன வாரம் ஒரு தர விதியின் வரைவு கருத்துக் கேட்டு வந்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். போல்ட் துளைக்கும் விளிம்புக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒரு வரி. பெரிய விட்டமுள்ள ஃப்ளைவீலுக்குச் சரி, நாங்கள் செய்கிற சின்ன விட்டத்துக்கு ஒத்துவராது. அச்செடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பேனாவை எடுத்து அந்த வரியின் கீழே கோடு போட்டு, இரும்புத் துண்டை அதன்மேல் தூக்கி வைத்தார்.

"ஃபேன் காத்துல பறந்துடப் போகுது. இன்னைக்கே எழுதி அனுப்பிடு."